கோல்மன் சொன்னதில் பாதியை விட்டுவிட்டீர்கள்

‘பள்ளியால் எதுவும் மாறாது, எல்லாம் குடும்பம்தான் என்று கோல்மன் நிரூபித்துவிட்டார், வியாசர்பாடி மாநகராட்சிப் பள்ளிகளுக்குச் செலவு வீண்’ என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். தவறான முடிவு.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மனின் 1966 அறிக்கை சுமார் 4,000 பள்ளிகளை ஆராய்ந்தது. குடும்பப் பின்னணிக்குப் பெரிய பங்கு உண்டு என்றது, சரி. ஆனால் கூடப் படிக்கும் பிள்ளைகளின் பின்னணிக்கும் ஆசைகளுக்கும் ஒரு மாணவரின் தேர்ச்சியோடு வலுவான தொடர்பு உண்டு என்றும் அதே அறிக்கைதான் சொன்னது. அப்புறம் முக்கியமானது: எந்தப் பள்ளி, எப்படிப்பட்ட ஆசிரியர் என்பது வெள்ளை மாணவர்களைவிடச் சிறுபான்மை இன மாணவர்களையே அதிகம் பாதிக்கிறது என்றது.

அமெரிக்கத் தரவை இங்கே அப்படியே பொருத்தவும் முடியாது. பொருத்தினாலும், வீட்டில் முதல் ஆளாகப் படிக்கவரும் தண்டையார்பேட்டைப் பிள்ளைக்கு நல்ல பள்ளி கூடுதலாகத் தேவை என்றுதான் அது காட்டும்.