ஆங்கிலேயர் எடுத்துப்போன அணைக்கட்டு

உதயப்பூருக்கு வெளியே ஓர் ஓடையின் குறுக்கே தாழ்வான கற்சுவர். அதன் தலைமேல் விரற்கடை கனத்துக்குத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். "அனிகட்" என்றார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. அவர் அதை ஆங்கிலச் சொல் என்று நினைத்திருந்தார். அது நம் அணைக்கட்டு!

ஆங்கில அகராதியில் இன்றும் அந்தச் சொல் இருக்கிறது. இங்கிலாந்தில் அதைப் பேசுவோர் அரிது. சென்னை மாகாணத்துப் பாசனப் பொறியாளர்கள் நம் ஊரில் கேட்டு எழுதிக்கொண்ட சொல் அது. ஏரியில் மிஞ்சிய நீர் வழியும் நம் கலிங்கும் அப்படித்தான் 'கலிங்குலா' என்று அவர்கள் குறிப்புகளில் ஏறியது.

ஆங்கிலேயப் பாசனப் பொறியாளர் ஆர்தர் காட்டன் வந்தபோது காவிரி மண்மேடிட்டுக் கிடந்தது. படுகை தாழ்ந்திருந்த கொள்ளிடம் நீரையெல்லாம் இழுத்துக்கொண்டது. தஞ்சை வயல்கள் காய்ந்தன. 1836-இல் முக்கொம்பில் மேலணை வேலையைத் தொடங்கினார். ஆழம் தெரியாத ஆற்று மணலில் அடித்தளம் போடுவது எப்படி? கல்லணையைக் கட்டியவர்களிடம்தான் அதைக் கற்றுக்கொண்டோம் என்று அவரே எழுதியிருக்கிறார். மணலில் கல்லைப் போட்டால் இறங்கும். அதன்மேல் இன்னொரு கல், அதுவும் இறங்கும். இறங்காமல் நிற்கும் வரை போட்டுக்கொண்டே போக வேண்டும். அந்த வித்தையோடு 1852-இல் தவளேசுவரத்தில் கோதாவரியையும் மறித்து முடித்தார். தொழிலை நம்மிடம் கற்றவர்கள் பெயரையும் நம்மிடமே எடுத்துக்கொண்டார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

என் ஆதங்கம் வேறு. அகராதி இந்தச் சொல்லுக்குத் தரும் பொருள் கச்சிதமானது: ஆற்றின் குறுக்கே நின்று நீர்மட்டத்தை உயர்த்தி வாய்க்காலுக்குத் திருப்புவது, மிஞ்சியதை மேலே வழியவிடுவது. மாதக்கணக்கில் தேக்கி வைப்பது அதன் வேலையே அல்ல. நாமோ மேட்டூரையும் அணை என்கிறோம், கல்லணையையும் அணை என்கிறோம். ஒன்று தண்ணீரைச் சேமிக்கிறது, மற்றொன்று பங்கிடுகிறது. இந்த வேறுபாடு தெரியாமல் வளரும் பிள்ளைக்குக் கல்லணை, மேட்டூரைவிடச் சிறிய அணையாக மட்டுமே தெரியும். அங்கே காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், புது ஆறு என நான்காக நீர் பிரிவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அந்தப் புது ஆற்றின் கதையைப் பாருங்கள். 1934-இல் திறந்த கால்வாய். அலுவலகக் கோப்புகளில் அது 'கிராண்ட் அனிகட் கால்வாய்', சுருக்கி 'ஜி.ஏ. கால்வாய்'. கல்லணை ஆங்கிலத்துக்குப் போய், இரண்டு எழுத்தாகக் குறுகித் தஞ்சாவூருக்கே திரும்பி வந்திருக்கிறது. தஞ்சாவூர்க்காரர்கள் அதைப் புது ஆறு என்கிறார்கள், அழகான பெயர். கல்லணைக் கால்வாய் என்பதும் நல்ல பெயர்தான். இரண்டில் ஒன்றை ஒவ்வொரு மதகிலும் பெரிதாக எழுதி வைக்க வேண்டும்.