80 ஓட்டில் தோற்றவர் துப்பாக்கியைத் தேடாத ஊர்

2003 ஏப்ரல் 14. சோமாலியாவின் வடக்கில் தன்னைத் தனி நாடாக அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்தின் மக்கள் முதல் முறையாகத் தங்கள் ஜனாதிபதியை நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த நாள். பதிவானவை ஏறத்தாழ ஐந்து லட்சம் ஓட்டுகள். தேர்தல் ஆணையம் முடிவை அறிவித்தபோது ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் இடையே இருந்தது 80 ஓட்டு.

ஜெயித்த தாஹிர் ரியாலே காஹின், சிறிய குலமான கடபூர்சியைச் சேர்ந்தவர். அதைவிட முக்கியம், சர்வாதிகாரி சியாத் பர்ரேயின் ஆட்சியில் உளவுத்துறை அதிகாரியாக இருந்தவர். தோற்ற அகமது சிலான்யோ, பெரும்பான்மை இசாக் குலம். பர்ரேயை எதிர்த்து ஆயுதம் ஏந்திய சோமாலி தேசிய இயக்கத்துக்குப் பல வருடம் தலைமை தாங்கியவர். தன் மக்கள்மேல் குண்டு போட்ட ஆட்சியில் வேலை பார்த்த ஒருவரிடம், 80 ஓட்டில் தோற்றிருக்கிறார். உள்நாட்டுப் போர் முடிந்து அதிக காலம் ஆகாத ஊர். ஆயுதத்துக்குப் பஞ்சமில்லை. சிலான்யோவின் கட்சி நீதிமன்றம் போனது, அங்கேயும் தோற்றது. குலப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்து பேசினார்கள். ஏற்றுக்கொண்டார். 2010 தேர்தலில் ஜெயித்து ஜனாதிபதியும் ஆனார்; ரியாலே பேசாமல் இறங்கிப் போனார்.

எலும்பும் தோலுமாக இருக்கும் பையனைப் பார்த்தால் நம் ஊரில் "சோமாலியா" என்கிறோம். அரசாங்கம் சரியில்லை என்றால் "நாடு சோமாலியா ஆகிவிடும்" என்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். அதை நிறுத்தியது துபாயில் வேலை பார்த்த காலம்தான். தேராவில் எங்கள் கடைக்குப் பக்கத்தில் சோமாலிலாந்தின் பெர்பெரா துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஒரு சோமாலி அலுவலகம் இருந்தது. அங்கே இருந்த ஒரு நண்பர் ஒருநாள் தன் அப்பா, அப்பாவின் அப்பா, அவருடைய அப்பா என்று இருபதுக்கும் மேற்பட்ட பெயர்களை ஒரே மூச்சில் சொன்னார். அப்திர்ஸி என்பார்களாம் இதை. சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்ய வைப்பார்கள். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. சில மாதம் கழித்து அவர்கள் டிரைவர் ஒருவர் ஓட்டிய வண்டி மோதி ஓர் ஆள் இறந்துபோனார். பெரிய தொகை நஷ்டஈடாகக் கட்ட வேண்டும், இல்லையென்றால் ஜெயில். நண்பர் இரண்டு நாள் போனும் கையுமாக இருந்தார். லண்டனிலிருந்து, மினசோட்டாவிலிருந்து, சோமாலிலாந்தின் தலைநகர் ஹர்கெய்சாவிலிருந்து அந்த டிரைவரின் முகத்தைக்கூடப் பார்த்திராதவர்கள் பணம் அனுப்பினார்கள். ஏன் என்று கேட்டேன். எட்டாவது தாத்தா ஒருவர்தான் என்றார். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். குலம் என்று நான் எழுதுவதைத் தயவுசெய்து சாதி என்று படிக்காதீர்கள். பெரும்பாலான சோமாலிகளுக்கு ஒரே மொழி, ஒரே மதம், ஒரே மேய்ச்சல் வாழ்க்கை. அவர்களைப் பிரிப்பது தந்தைவழி வம்சம். அந்த வம்சம் வெறும் அடையாளமும் இல்லை. அரசு எட்டிப் பார்க்காத பாலைநிலத்தில் அதுதான் போலீஸ், அதுதான் கோர்ட், அதுதான் இன்சூரன்ஸ். ஒருவரைக் கொன்றுவிட்டால் கொன்றவன் மட்டும் பொறுப்பில்லை, அவனுடைய கூட்டமே சேர்ந்து மக் என்ற ரத்தப்பணம் கட்ட வேண்டும். ஆணின் உயிருக்கு நூறு ஒட்டகம், பெண்ணின் உயிருக்கு அதில் பாதி என்பது பழைய கணக்கு. (அந்தப் பாதிக்குக் கடைசியில் வருகிறேன்.) ஹேர் என்ற வழக்காற்றுச் சட்டம் இதையெல்லாம் நடத்துகிறது.

இப்படிப்பட்ட ஒன்றை ஓர் உத்தரவு போட்டு ஒழிக்கலாம் என்று நினைத்தார் சியாத் பர்ரே. 1969 அக்டோபரில் ராணுவப் புரட்சியில் ஆட்சியைப் பிடித்தவர். குலப் பெயரைக் கேட்பதே குற்றம் என்றார். குலவாதத்துக்குக் கொடும்பாவி கட்டி ஊர் ஊராக எரித்தார்கள், புதைத்தார்கள். ஜனங்கள் தந்திரமாக "உங்கள் முன்னாள் குலம் எது?" என்று கேட்டுக்கொண்டார்கள். மேடையில் குலத்தைப் புதைத்த அதே ஆள் தன்னுடைய மரேஹான், தாயின் ஒகாதேன், மருமகனின் துல்பஹந்தே என்ற மூன்று குலத்தாரை வைத்துத்தான் அதிகாரத்தைத் தாங்கினார். 1988ல் இசாக் மக்களின் ஹர்கெய்சாவை அவருடைய விமானப்படை தரைமட்டமாக்கியது. விமானங்கள் கிளம்பியதே அந்த ஊரின் விமானநிலையத்திலிருந்துதான். விழுந்த மிக் விமானம் ஒன்றை இன்றும் நகர நடுவில் நினைவுச்சின்னமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

1991 ஜனவரியில் பர்ரே ஓடினார். அதற்குப் பிறகு வடக்கும் தெற்கும் எடுத்த பாதைதான் என்னைப் பல வருடமாகத் துரத்துகிறது.

வடக்கில் 1991 மே 18 அன்று புராவோ நகரத்தில் சோமாலிலாந்து தனி நாடு என்று அறிவித்தார்கள். உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. 1992ல் இசாக்கின் உட்பிரிவுகளே பெர்பெரா துறைமுகம் யாருக்கு என்று அடித்துக்கொண்டன. ஷேக் என்ற மலையூரில் பெரியவர்கள் கூடி அதைத் தீர்த்தார்கள். அடுத்து 1993 ஜனவரியில் போராமா. எத்தனை பேருக்கு இந்த ஊர்ப் பெயர் தெரியும்? 150 பெரியவர்கள் நான்கு மாதம் அங்கே பேசினார்கள். செலவில் பெரும்பகுதி உள்ளூர் மக்களுடையது, வெளிநாட்டில் இருந்த சொந்தங்கள் அனுப்பியது. போராமா கடபூர்சிகளின் ஊர். போரில் அவர்களில் பலர் பர்ரே பக்கம் நின்றவர்கள். ஜெயித்தவர்கள் தோற்றவர்கள் ஊருக்குப் போய், அவர்கள் விருந்தாளியாக உட்கார்ந்து சமாதானம் பேசியிருக்கிறார்கள். இதைவிடப் பெரிய அரசியல் பாடம் எனக்குத் தெரியாது.

உலகத்தின் கேமராக்கள் எல்லாம் அதே 1993ல் தெற்கே, சோமாலியாவின் தலைநகர் மொகதிஷுவில் இருந்தன. ஐ.நா. படை இருந்தது, அமெரிக்கப் படை இருந்தது, அக்டோபரில் ஹெலிகாப்டர்கள் விழுந்தன, 18 அமெரிக்க வீரர்கள் செத்தார்கள். போராமாவில் அதற்கெல்லாம் முன்பே, மே மாதத்தில், எகால் என்பவர் சோமாலிலாந்தின் ஜனாதிபதியாகத் தேர்வாகியிருந்தார். பெரியவர்களுக்கு கூர்த்தி என்ற மேலவை, குலங்களுக்கு இடங்கள் பிரித்த கீழவை. குலத்தை மறைக்கவில்லை, அரசின் அஸ்திவாரத்திலேயே வைத்தார்கள். அப்புறம் 1994லிருந்து இரண்டு வருடம் மறுபடி சண்டை வந்தது, மறுபடி பேசினார்கள். 2001ல் அரசியலமைப்புக்குப் பொதுவாக்கெடுப்பு. அதில் ஒரு விதி: மூன்று தேசியக் கட்சிகளுக்குமேல் கிடையாது. எந்தக் குலமும் தனியாகக் கட்சி நடத்தி ஜெயிக்க முடியாது, அடுத்தவன் வீட்டுக் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும்.

தெற்கில் மாநாடுகளுக்குக் குறைவே இல்லை. ஜிபூட்டி, அடிஸ் அபாபா, கெய்ரோ, நைரோபி. பேச வந்தவர்களில் பலர் துப்பாக்கியால் பெரிய ஆளானவர்கள், செலவு வெளிநாட்டுப் பணம். 2000ல் ஜிபூட்டியின் ஆர்தா மாநாட்டில் 4.5 என்ற சூத்திரம் நிலைத்தது. தாரோத், ஹவியே, டிர், ரஹன்வெய்ன் என்ற நான்கு பெரிய குலங்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு, மீதி எல்லோருக்கும் சேர்த்து அரைப் பங்கு. 2004 நாடாளுமன்றத்தின் 275 இடங்களில் பெரிய குலங்களுக்குத் தலா 61, அரைப் பங்குக்காரர்களுக்கு 31.

அந்த அரையில் இருப்பவர்கள் யார்? ஜுப்பா, ஷபெல்லே ஆற்றோரம் நாட்டுக்குச் சோறு போடும் பாண்டு விவசாயிகள். மொகதிஷுவின் பழைய பெனாதிர் வணிகர்கள். கொல்லர், தோல் தொழிலாளர் என்று ஒதுக்கப்பட்டவர்கள். ஒரு மனிதனைப் பார்த்து நீ அரை என்று அரசே எழுதி வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அல் ஷபாப் என்ற இஸ்லாமியத் தீவிரவாத இயக்கம் இந்த ஆட்களிடம் போய், எங்களிடம் குலம் கிடையாது என்று சொல்லித்தான் ஆள் சேர்த்தது. தற்காலிகம் என்று வந்த சூத்திரம் இருபது வருடம் தாண்டியும் உட்கார்ந்திருந்தது. 2012ல் 135 பெரியவர்கள் எம்.பி.க்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 2016-17ல் ஓர் இடத்துக்கு 51 பேர் வீதம் 14,025 பேர். அடுத்த முறை ஓர் இடத்துக்கு 101 பேர். இத்தனை பேரை விலைக்கு வாங்க முடியும், வாங்கவும் செய்தார்கள்.

கூட்டாட்சியும் இதே கதைதான். 2012 தற்காலிக அரசியலமைப்பு மாநிலங்கள் உண்டு என்றது. வருமானத்தை எப்படிப் பிரிப்பது, மொகதிஷு யாருடையது என்ற முக்கியமான கேள்விகளைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டது. புன்ட்லாந்து 1998லேயே கரோவேயில் கூடித் தானாக உருவானது; ஜுபாலாந்து, தென்மேற்கு, கல்முதுக், ஹிர்ஷபெல்லே எல்லாம் 2013லிருந்து 2016க்குள் வந்தவை. 2024 மார்ச்சில் மத்திய அரசு அரசியலமைப்பைத் திருத்தி நேரடித் தேர்தலுக்கு வழி செய்தது. எங்களைக் கேட்காமல் செய்ததை ஏற்கமாட்டோம் என்றது புன்ட்லாந்து. அந்த வருடம் நவம்பரில் மொகதிஷு நீதிமன்றம் ஜுபாலாந்து தலைவர் மதோபேயைக் கைது செய்யச் சொன்னது. ஜுபாலாந்து நீதிமன்றம் நாட்டின் ஜனாதிபதியையே கைது செய்யச் சொன்னது. டிசம்பரில் ராஸ் கம்போனியில் இரு தரப்புப் படைகளும் சுட்டுக்கொண்டன.

ஒரு நபருக்கு ஒரு ஓட்டு என்பதை யார் வேண்டாம் என்பார்கள்? எனக்கும் அதுதான் வேண்டும். ஆனால் மாநிலங்களோடு உட்கார்ந்து பேசி முடிக்காமல் மேலிருந்து கொண்டுவந்தால், அது பர்ரேயின் கொடும்பாவிதான். குலத்தைச் சட்டத்தால் தாண்டிவிடலாம் என்ற அதே அவசரம். வடக்கில் நடந்த வரிசை வேறு: முதலில் ஊரும் ஊரும் பேசின, பிறகு குலமும் குலமும், பத்து வருடம் கழித்துத்தான் ஓட்டுப்பெட்டி.

இதற்காக சோமாலிலாந்தைத் தூக்கி வைத்துக் கொண்டாடவும் முடியவில்லை. சாரம் கட்டித்தான் வீடு எழும்பும், சரி. சாரத்தை எப்போது பிரிப்பது? 1997க்குப் பிறகு கூர்த்திக்குப் புதிதாக ஆள் எடுக்கவே இல்லை. பதவிக்காலத்தை நீட்டிக்கொண்டே போகிறார்கள், அப்பா இறந்தால் மகன் வந்து உட்காருகிறான். சமாதானம் பேசிய சபை சொத்தாகிவிட்டது. விலை கொடுத்தது கிழக்கே துல்பஹந்தே குலத்தாரின் ஊரான லாஸ் அனோத். 1991ல் புராவோவில் துல்பஹந்தே பெரியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் 2007ல் சோமாலிலாந்து படை அந்த ஊரைப் பிடித்தது பேசி அல்ல. 2022 டிசம்பரில் அங்கே ஓர் எதிர்க்கட்சிப் பிரமுகர் கொல்லப்பட்டபோது ஊர் கொதித்தது. 2023 பிப்ரவரியில் குலத் தலைவர்கள் சோமாலிலாந்தோடு இருக்கமாட்டோம் என்றார்கள். சோமாலிலாந்து பீரங்கியால் பதில் சொன்னது. ஹர்கெய்சா மேல் குண்டு போட்டதை நினைவுச்சின்னமாக நிறுத்தி வைத்திருப்பவர்கள் செய்த வேலை இது. லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். ஆகஸ்டில் படை தோற்றுப் பின்வாங்கியது. போராமாவுக்கு நான்கு மாதம் ஒதுக்கியவர்களுக்கு லாஸ் அனோத்துக்கு ஒதுக்க நேரமில்லாமல் போனது எனக்கு இன்றும் ஆறவில்லை.

கடைசியாக, அந்தப் பாதி: பெண்கள் விஷயம். ஒரு சோமாலிப் பெண் கல்யாணம் செய்துகொண்டால் அப்பா குலத்துக்கு அவள் போய்விட்டவள், புருஷன் குலத்துக்கு வந்தவள். சண்டை வந்தால் இரண்டு பக்கமும் தூது போவது அவள். பங்கு பிரிக்கும்போது இரண்டு பக்கமும் அவளுக்கு இடம் கிடையாது. 2000ல் ஆர்தாவில் ஆஷா ஹாஜி எல்மியும் தோழிகளும் ஆண்கள் ஐந்து கூட்டமாகப் பிரிந்திருந்தால் நாங்கள் ஆறாவது குலம் என்று தனியாக உட்கார்ந்து இடம் கேட்டார்கள். கொஞ்சம் கிடைத்தது.

2021 மே மாதம் சோமாலிலாந்து நாடாளுமன்றத் தேர்தல். ஹர்கெய்சாவில் பர்காத் பதூன் என்பவர், காலங்காலமாக ஒதுக்கப்பட்ட கபோயே சமூகத்துக்காரர், நாட்டிலேயே அதிக ஓட்டு வாங்கி ஜெயித்தார். தெற்கில் அரை என்று எழுதப்பட்டிருக்கும் ஒருவருக்கு இசாக் ஜனங்கள் அள்ளி ஓட்டுப் போட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கியது.

அதே தேர்தலில் 13 பெண்கள் நின்றார்கள். ஒருவர்கூட ஜெயிக்கவில்லை.