வீட்டுக்கல்வி: பாடநூலோடு சான்றிதழையும் யோசியுங்கள்

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைப்பது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். எந்தப் பாடநூலை வாங்குவது என்று அது விரிவாகச் சொல்கிறது. சான்றிதழ் பற்றி ஒரு வரிகூட இல்லை. பின்னாளில் பெற்றோர் தடுமாறுவது அங்கேதான்.

பள்ளியிலிருந்து நிறுத்தினால் மாற்றுச் சான்றிதழை உடனே வாங்கிவிடுங்கள். பத்தாம் வகுப்பைத் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் (என்ஐஓஎஸ்) மூலம் எழுதலாம். 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். குறைந்தது 5 பாடங்கள், அதில் ஒரு மொழிப்பாடம் கட்டாயம். பதிவு 5 ஆண்டு செல்லும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை. கணக்கு கட்டாயமில்லைதான், ஆனால் அதை விட்டுவிட்டால் பின்னால் அறிவியல் பிரிவு, பாலிடெக்னிக் எல்லாம் சிக்கலாகும். பிறப்புச் சான்றிதழ், ஆதார் இரண்டிலும் பெயரும் முதலெழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்குக் காசு கொட்டிப் 'பாடத்திட்டப் பெட்டி' (நூல், பயிற்சித்தாள் எல்லாம் சேர்த்து விற்கும் தொகுப்பு) வாங்கவே வேண்டாம். தமிழ்நாட்டு அரசுப் பாடநூல்களும் மத்திய அரசின் என்சிஇஆர்டி பாடநூல்களும் இணையத்தில் இலவசம். மூன்றாம் வகுப்பு வயதுப் பிள்ளை என்றால் இரண்டாம் வகுப்புக் கணக்கு நூலிலிருந்து அலகு இறுதிப் பயிற்சிகளைக் கொடுத்துப் பாருங்கள். 52இல் 27ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதுகிறதா? கடன் வாங்கிக் கழிப்பது புரியவில்லை என்று பொருள். தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டைப் பிரித்துக் காட்டுங்கள். அங்கிருந்து தொடங்குங்கள், வயதுக்கான வகுப்பிலிருந்து அல்ல.