ஆனந்தகிருஷ்ணன் ஐயாவும் எங்கள் தண்டையார்பேட்டையும்

பேராசிரியர் மு. ஆனந்தகிருஷ்ணனைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில் வாணியம்பாடி, கிண்டி பொறியியல் கல்லூரி, மின்னசோட்டாவில் முனைவர் பட்டம், கான்பூர் ஐஐடியில் சிவில் பேராசிரியர், 1990 முதல் 1996 வரை அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தர் என்று எல்லாம் இருக்கிறது. 2006-இல் அவர் தலைமையில் அமைந்த குழுவைப் பற்றி மட்டும் ஒரே வரி. தண்டையார்பேட்டைக்காரர்களான எங்களுக்கு அதுதான் பெரிது.

பொறியியல் போன்ற படிப்புகளில் சேர நுழைவுத்தேர்வு வேண்டாம், பிளஸ் டூ மார்க்கே போதும் என்று சொன்ன குழு அது. அந்த ஆண்டே சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது, 2007-இல் சட்டமானது. என் அண்ணன் காலத்தில் கோச்சிங் போக எங்களிடம் காசில்லை. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அண்ணன் பள்ளியில் நல்ல மார்க் எடுத்தும் நுழைவுத்தேர்வில் சறுக்கினான், ஐடிஐ போனான். தங்கை பிளஸ் டூ முடித்தபோது அந்தத் தேர்வு இல்லை. பாரிமுனையில் பஸ் மாறி, கல்லூரி இடம் ஒதுக்கும் கவுன்சலிங்குக்காகக் கிண்டிக்குப் போனோம். திரையில் ஒவ்வொரு கல்லூரியிலும் மீதமிருக்கும் இடங்கள் ஓடின. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தபடி, படிக்கத் தெரியாவிட்டாலும், அதையே பார்த்துக்கொண்டிருந்தார். யாருடைய சிபாரிசும் கேட்காமல் தங்கைக்கு மெக்கானிக்கல் கிடைத்தது.

அப்புறம் இன்னொன்று. கணினித் தமிழுக்காக உத்தமம் அமைப்பு தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் அவரே. 2021 மே மாதம் கொரோனாவில் அவர் போன செய்தியைத் தங்கைதான் போனில் சொன்னாள். அன்று அவள் வேலைக்குப் போகவில்லை.