மரங்களின் புத்தாண்டும் மூன்றாண்டுக் காத்திருப்பும்

யூதர்கள் மரங்களின் புத்தாண்டாகக் கொண்டாடும் 'து பிஷ்வாத்', அவர்கள் நாட்காட்டியின் ஷெவாத் மாதத்தில் 15ஆம் நாள். சந்திர மாதத்தின் நடுநாள் என்பதால் பௌர்ணமியை ஒட்டியே வரும். பல ஆண்டுகளில் நம் தைப்பூசத்துக்கு ஓரிரு நாள் முன்பின்னாக அமையும். இன்று இதை யூதர்களின் சுற்றுச்சூழல் தினம் என்றே பலரும் சொல்கிறார்கள். சொல்லட்டும். ஆனால் ஒரு கன்றை நட்டு, படம் எடுத்துப் போட்டதோடு நாள் முடிந்துவிட்டால் அது பாதிக் கொண்டாட்டம்கூட இல்லை என்பது என் கருத்து.

இது முதலில் ஒரு கணக்கு நாள். பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்லும் நான்கு புத்தாண்டுகளில் ஒன்று. எந்தப் பழம் எந்த ஆண்டின் தசமபாகத்தில், அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கான காணிக்கையில், சேரும் என்று பிரிக்க ஒரு தேதி தேவைப்பட்டது. அக்கால அறிஞர் பிரிவுகள் இரண்டில், ஷம்மாய் பள்ளியினர் ஷெவாத் 1 என்றார்கள், ஹில்லேல் பள்ளியினர் 15 என்றார்கள், 15 நிலைத்தது. அதற்குள் இஸ்ரேல் நிலப்பரப்பின் குளிர்கால மழையில் பெரும்பகுதி பெய்து முடிந்திருக்கும் என்பது, மிஷ்னாவை விளக்கும் தல்மூத் தரும் காரணம்.

மரத்தின் வயதையும் இதை வைத்தே முடிவு செய்தார்கள். வேதாகமத்தின் லேவியராகமம் 19ஆம் அதிகாரப்படி முதல் மூன்று ஆண்டுக் காய்ப்பைத் தொடக்கூடாது. நான்காம் ஆண்டுப் பழம் கடவுளுக்குரியது. ஐந்தாம் ஆண்டிலிருந்துதான் நட்டவருக்கு. ஆக, நட்டவர் குறைந்தது நான்கு ஆண்டாவது அந்த மரத்தைக் கவனித்தபடி இருக்க வேண்டும். சூழலியல் பாடம் வேண்டுமென்றால் இங்கேதான் இருக்கிறது.

கன்று நடும் வழக்கம் புதியது. 1890இல், இன்றைய இஸ்ரேலில் உள்ள ஸிக்ரோன் யாகோவ் ஊரில் ஸெஎவ் யாவெட்ஸ் என்ற ஆசிரியர் மாணவர்களோடு தொடங்கியது. 1901இல் உருவான யூத தேசிய நிதியம் அதைப் பெரிய இயக்கமாக்கியது. வேகமாக வளரும் அலெப்போ பைனை ஒரே வயதில், நெருக்கமாக நட்டார்கள். செதில்பூச்சி தாக்கியபோது மொத்தமாகக் காய்ந்தன. பிசின் நிறைந்த மரம் என்பதால் தீயும் எளிதில் பற்றும்; 2010 டிசம்பர் கார்மேல் காட்டுத்தீயில் 44 பேர் இறந்தார்கள். நாளடைவில் கருவாலி (ஓக்), கரோப் போன்ற நாட்டு மரங்களைக் கலந்து நடுவது கூடியது. இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. 1967இல் மக்கள் வெளியேற்றப்பட்ட இம்வாஸ், யாலு என்ற பாலஸ்தீனக் கிராமங்கள் இருந்த இடத்தில்தான் இன்று அந்த நிதியத்தின் கனடா பூங்கா நிற்கிறது. யாருடைய நிலத்தில் நடுகிறோம் என்பதும் சூழல் கேள்விதான்.

பனி உறைந்த நாடுகளில் அன்று மரம் நட முடியாது. அங்கே பலர் தொட்டியில் பார்ஸ்லி கீரை விதைக்கிறார்கள், இரண்டு மாதம் கழித்து வரும் பஸ்கா பண்டிகை விருந்து மேசைக்காக. விதையை இரவு முழுக்க ஊறவைத்து, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போடுங்கள். ஆணிவேர் நீளமானது, தொட்டி 15 சென்டிமீட்டராவது ஆழம் இருக்கட்டும். முளைக்க மூன்று வாரம்கூட ஆகலாம். பத்தே நாளில் பொறுமை இழந்து கொட்டிவிடுபவர்கள்தான் அதிகம். 2027இல் யூத நாட்காட்டியில் நெட்டாண்டு, நடுவில் ஒரு மாதம் கூடும்; அதனால் பஸ்காவுக்கு ஒரு மாதம் கூடுதலாகக் கிடைக்கும்.

யூத மறைஞான மரபான கபாலாவில் வந்த 'செதெர்' என்ற சடங்கு விருந்துக்கு நான்கு கோப்பை திராட்சை ரசம். முதலாவது முழு வெள்ளை, கடைசி சிவப்பு, நடுவில் இரண்டும் கலவை. பத்துப் பேருக்குக் கோப்பைக்கு 60 மில்லி என்றால் மொத்தம் 2.4 லிட்டர். இரண்டாவதில் ஒரு தேக்கரண்டிச் சிவப்பு போதும். சரிபாதி ஊற்றினால் மூன்றாவதற்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. நிறம் வெளிறியதிலிருந்து அடர்த்திக்குப் போவதால் ஒரே கண்ணாடிக் குவளையைக் கழுவாமலே நான்குக்கும் வைத்துக்கொள்ளலாம். மண்ணைக் காக்கும் விழாவுக்கு நாற்பது பிளாஸ்டிக் கோப்பை எதற்கு?

பழங்கள் மூன்று வகை: ஓடோ தோலோ நீக்க வேண்டிய வாதுமை, மாதுளை, உள்ளே கொட்டையுள்ள பேரீச்சை, ஆலிவ், முழுதாக உண்ணும் அத்தி, திராட்சை. கப்பலேறி வந்த உலர்பழப் பொட்டலங்களை அடுக்குவதைவிட, அந்தந்த ஊரில் அந்தப் பருவத்தில் கிடைப்பதை இந்த மூன்று வகைக்குள் பொருத்துவதே சரி. உலர் அத்தியை நீளவாக்கில் பிளந்து, உட்புறத்தை வெளியே திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். புழு இருந்தால் அங்கேதான் இருக்கும், யூத உணவு விதிப்படி அது ஆகாது. பளிச்சென்ற ஆரஞ்சு நிற உலர் ஆப்ரிகாட் பெரும்பாலும் கந்தக டை ஆக்சைடு ஏற்றியது. விருந்தினரில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் பழுப்பு நிறத்தையே வாங்குங்கள்.