கோட்டை வாசலில் இறங்கி நடங்கள்

திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்கு வருகிற வான்களும் ஓட்டோக்களும் கோட்டை வாசலுக்குள் நுழைந்து இரண்டு மூன்று நிமிசத்தில் மேலே போய்விடுகின்றன. திருமலைச் சரித்திரத்தில் பாதி அந்த வாசலிலேயே நிற்கிறது. வண்டிக்குள் இருப்பவர்கள் அர்ச்சனைத் தட்டைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

வாசல் நிலைக்கல்லைக் கிட்டப் போய்ப் பாருங்கள். இரண்டு மீன்கள், சிதைந்துபோன தமிழ் எழுத்து. "முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே" என்று கூட்டி வாசிக்கப்பட்ட வரி அதுதான். குளக்கோட்டன் கோயில் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் அரசன்; பறங்கி என்றால் போர்த்துக்கேயர். உச்சி வெயிலில் ஒன்றும் பிடிபடாது. ஃபோன் டோர்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். சோக்கால் தேய்த்துப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம். 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கற்களையும் சேர்த்துக் கோட்டை கட்டினார்கள். கோயில் கல் வாசலுக்கு வந்த வழி அது. கல்லில் உள்ள அந்த வரியைப் பழைய தீர்க்கதரிசனம் என்பார்கள். பறங்கியைப் பெயர் சொல்லியே பாடுகிற வரி, பறங்கி வந்த பிறகு வெட்டியதாகத்தான் இருக்கும் என்பது என் அபிப்பிராயம். அதனால் அதன் பெறுமதி குறையாது. நடந்ததைக் கண்டவர்களின் ஆற்றாமை அதில் இருக்கிறது.

அங்கிருந்து கோயில்வரை ஒரு கிலோமீற்றர்கூட இல்லை, மர நிழல் வேறு. வோட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன், அந்தப் பட்டம் வருமுன் 1800 கடைசியில் தங்கிய வீடு இந்தக் கோட்டைக்குள்தான். உள்ளே இருக்கிற இராணுவ முகாம் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். புள்ளிமான்கள் கையை மோந்துகொண்டு வரும். அவை தேடுவது உங்கள் கையில் இருக்கிற பையை. வாழைப்பழம் வாங்கிய ஷொப்பிங் பையையும் சேர்த்து விழுங்கி, வயிற்றில் பொலித்தீன் அடைத்துச் செத்த மான்கள் உண்டு. ஒன்றும் கொடுக்காமல் பார்த்துவிட்டு நடங்கள்.

மேலே சப்பாத்தைக் கழற்றியாக வேண்டும். மத்தியானத்தில் அந்தக் கல்லில் வெறுங்காலோடு நின்றால் இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவை எட்டிப் பார்க்கப் பொறுமை இருக்காது. நாலு மணிக்கு மேல் போங்கள்.

"அதுக்கு நேரம் எங்கே?" என்பீர்கள். மற்ற இடங்களைத் தப்பான நேரத்தில் வைப்பதால்தான் நேரமில்லை. நிலாவெளிக் கடலில் இருக்கிற புறாமலைத் தீவை மத்தியானத்துக்குத் தள்ளுகிறார்கள். மே முதல் செப்டெம்பர் வரை, தென்மேல் காற்று வீசும் கச்சான் காலத்தில், நிலாவெளிக் கடல் காலையில் குளம் மாதிரிக் கிடக்கும். தரை சூடேறியதும் கடற்காற்று எழும்பி, அலை மணலைக் கலக்கிவிடும்; பிறகு பவளமும் தெரியாது, மீனும் தெரியாது. எட்டு மணிக்கே படகில் இருங்கள். 2003 முதல் புறாமலை தேசியப் பூங்கா. நுழைவு ரிக்கெட் வேறு, படகுக் கூலி வேறு, இரண்டையும் ஏறமுன் கேட்டுவிடுங்கள். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் வாடைக் காலத்தில் அந்தப் பக்கம் யோசிக்கவே வேண்டாம்.

பவளம் பார்க்க முகத்தில் மாட்டுகிற மாஸ்க்குக்குள் தண்ணி வந்தால் மாஸ்க் பழுது என்று நினைப்பார்கள். பெரும்பாலும் விளிம்புக்குள் மாட்டிய தலைமயிர்தான் காரணம். மீசைக்காரர் மேலுதட்டில் கொஞ்சம் வாசலின் பூசலாம். கண்ணாடி புகைத்தால் உள்ளே துப்பித் தேய்த்து, கடல் தண்ணியில் ஒருதரம் அலம்புங்கள். இதையெல்லாம் கரையிலேயே சரிசெய்ய வேண்டும். மாஸ்க் ஒழுகினதும் பதறி நிமிர்ந்து கால் ஊன்றுகிற இடம் பவளக் கொப்பு. அது முறியும், உங்கள் காலும் கிழியும். லைஃப் ஜக்கெட் போட்டுக் குப்புற மிதந்தால் ஊன்றத் தேவையே வராது. செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் வந்தால் துரத்தாதீர்கள், அவையே விலகும்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு மறுநாள் விடிய வெளிக்கிடுங்கள். ஏழு கிணற்றிலும் ஏழு சூடு. குளிர்ந்த காலையில்தான் அந்த வித்தியாசம் கையில் தெரியும். வாளியால் அள்ளி ஊற்றுவதுதான் முறை, சவர்க்காரம் வேண்டாம். எரிமலை ஒன்றும் கீழே இல்லை. பாறை வெடிப்பு வழியே ஆழத்துக்கு இறங்கிய தண்ணி சூடாகி ஏறி வருகிறது. இராவணன் தாயின் கடன் கழிக்க உண்டாக்கியது என்பது ஐதீகம். இன்றைக்கும் இறந்தவருக்கு அந்தியேட்டிக் கிரியை செய்ய வருகிற குடும்பங்கள் இருப்பார்கள், அவர்கள் முன்னால் சிரித்து செல்ஃபி எடுக்காதீர்கள்.

கன்னியாவரை போனவர்கள் பெரியகுளம் பக்கம் ராஜராஜப் பெரும்பள்ளியையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். இப்போது வில்கம் விகாரை என்று பலகை இருக்கும். பௌத்தப் பள்ளிக்கு விளக்கெரிக்கக் கொடுத்த தானங்களைத் தமிழில் வெட்டிய சோழர்காலக் கல்வெட்டுகள் அங்கே உண்டு. யானை நடமாடும் காட்டுப் பக்கம். பொழுதுபட முன் பெரிய ரோட்டுக்கு வந்துவிடுங்கள்.