புலம்பல் பழசு, சிக்கல் புதுசு

இந்தத் தலைமுறைக்கு அந்தரங்கத்தின் அருமை தெரியவில்லை என்று நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர் சலித்துக்கொள்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தப் புலம்பலுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1888இல், யாரும் எளிதாகப் படமெடுக்கக்கூடிய கோடாக் கேமரா வந்தது. 1890இல் வாரன், பிராண்டைஸ் என்ற இரு அமெரிக்க வழக்கறிஞர்கள் தனிமனித அந்தரங்க உரிமை பற்றி எழுதியபோது குறைபட்டுக்கொண்டது உடனடிப் புகைப்படங்களையும் வம்புச் செய்தி போடும் பத்திரிகைகளையும்தான்.

மாறியது வேறு. முன்பெல்லாம் பொது இடத்தில் நடந்தது நாலு பேர் கண்ணில் பட்டாலும் அங்கேயே கரைந்துவிடும். இப்போது தங்குகிறது, தேடினால் கிடைக்கிறது. 2006இல் ஃபேஸ்புக் நியூஸ் ஃபீடைக் கொண்டுவந்ததும் பயனர்கள் கொதித்தார்கள். இத்தனைக்கும் புதிதாக எந்த ரகசியமும் வெளியாகவில்லை. ஒவ்வொருவர் பக்கமாகப் போய்ப் பார்க்க வேண்டியதை ஒரே இடத்தில் கொட்டியது, அவ்வளவுதான். காதல் முறிந்த சேதிகூட அறிவிப்பு மாதிரி எல்லோர் திரையிலும் வந்து நின்றால் கோபம் வராதா?

அப்புறம், கட்டுரை தொடாத ஒன்று. நான் எந்தச் செயலியிலும் சேராமல் ஒதுங்கி இருக்கலாம். ஆனால் என் எண்ணை வைத்திருக்கும் ஒருவர் ஏதாவது ஒரு செயலியில் 'தொடர்புகளை அனுமதி' என்பதைத் தட்டினால் போதும், என் பெயரும் எண்ணும் அந்தச் செயலிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். என்னை யாரும் கேட்பதில்லை. 2014இல் ஐரோப்பிய நீதிமன்றம் அளித்த 'மறக்கப்படும் உரிமை'யும் அரைக்கிணறுதான்: தேடுபொறியில் நம் பெயரைப் போட்டுத் தேடினால், நீக்கச் சொன்ன பக்கத்தின் இணைப்பு வராது, மூலப் பக்கம் அப்படியே இருக்கும்.